எலெக்ட்ரிக் பேலட் வண்டியில் எர்ரர் கோடு: தோட்டக் கிடங்குகளிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர் ஆலை, உரக் கிடங்கு, மளிகை மொத்தக்கடை என்று எங்கே போனாலும் இன்று ஒரு எலெக்ட்ரிக் பேலட் வண்டி, அதாவது பேலட் என்ற சரக்குத் தட்டைத் தூக்கி நகர்த்தும் பேட்டரி வண்டி, நிற்கிறது. அது நின்றுபோனால் ஈப்போவிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ ஆள் வர வேண்டும். அதுவரை லோரி வாசலில் காத்துக் கிடக்கும். ஆள் வந்து பார்த்தால் பாதி நேரம் கோளாறு ஒரு தளர்ந்த முனையிலோ அறுந்த ஒயரிலோதான் இருக்கும். அந்தப் பாதியை நீங்களே கண்டுபிடிக்கவும், மீதிப் பாதியில் தேவையில்லாமல் விலை உயர்ந்த பாகத்தை வாங்காமல் இருக்கவும் இந்தப் பக்கம் உதவும். மீட்டர் பிடிக்கத் தெரிந்த ஸ்டோர் ஆட்களையும் போர்மேன்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

எர்ரர் கோடு என்றால் என்ன? எது கெட்டுப்போச்சு என்று அது சொல்லிவிடுமா?

சொல்லாது. மோட்டாருக்குப் போகும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் என்ற பெட்டி சில இடங்களில் வோல்ட்டையும், கரண்ட்டையும், சூட்டையும் ஓயாமல் அளந்துகொண்டே இருக்கிறது. எங்கேயாவது அளவு எல்லை தாண்டினால் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு எண்ணைக் காட்டுகிறது. "பிரேக் சர்க்யூட்டில் நான் எதிர்பார்த்த அளவு வரவில்லை" என்பது மாதிரிதான் அந்த எண்ணின் பொருள். பிரேக்கை விடுவிக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், எரிந்ததா, ஒயர் அறுந்ததா, பிளக் பச்சை பூத்ததா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே கோடு வந்த உடனே அந்தப் பாகத்தை ஆர்டர் செய்யாதீர்கள். அந்தச் சர்க்யூட்டைப் பேட்டரி முனையிலிருந்து கடைசிப் பிளக் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். கடையில் வாங்க வேண்டியது எதுவும் இல்லை என்பது பல சமயம் அங்கேயே தெரிந்துவிடும்.

எங்கள் வண்டியில் திரையே இல்லை. ஒரு சின்ன விளக்கு மட்டும் மின்னுகிறது. அதை எப்படிப் படிப்பது?

கண்ட்ரோலரின் மூடியைக் கழற்றினால் அதன் உடம்பிலேயே விளக்கு இருக்கும். கர்டிஸ் நிறுவனத்தின் ஏ.சி. மோட்டார் கண்ட்ரோலர்களில், உதாரணத்துக்கு 1232இ, 1234 வகைகளில், சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று என்று இரண்டு விளக்குகள். சிவப்பு ஒருமுறை மின்னினால் அடுத்து வரும் மஞ்சள் மின்னல்கள் முதல் இலக்கம். சிவப்பு இரண்டு முறை மின்னினால் அடுத்து வருபவை இரண்டாவது இலக்கம். சிவப்பு ஒன்று, மஞ்சள் இரண்டு, சிவப்பு இரண்டு, மஞ்சள் மூன்று என்று வந்தால் அது 23. அவசரப்படாமல் குறைந்தது மூன்று சுற்று எண்ணுங்கள். கைப்பேசியில் வீடியோ எடுத்துவிட்டு நிதானமாகப் பார்த்து எண்ணுவது இன்னும் நல்லது. கிடங்கு வெளிச்சத்தில் மஞ்சள் விளக்கைத் தவறவிடுவது சுலபம்.

பழைய டி.சி. மோட்டார் வண்டிகளில் ஒரே விளக்குதான். முதல் இலக்கத்துக்குச் சில மின்னல், சின்ன இடைவெளி, இரண்டாவது இலக்கத்துக்குச் சில மின்னல், பிறகு நீண்ட இடைவெளி.

எல்லா வண்டிக்கும் ஒரே கோடு பட்டியல்தானா?

இல்லை. இதில்தான் காசு வீணாகிறது. போனில் இப்படித்தான் வரும்: "அண்ணே, பதினாலு அடிக்குது. பேட்டரி மாத்திடவா?" "எந்தக் கண்ட்ரோலர், தம்பி? மேலே ஒட்டியிருக்கிற நம்பரைப் படிங்க." கர்டிஸ் 1228 என்றால் 1-4 என்பது பேட்டரி வோல்ட் குறைவு. அதே நிறுவனத்தின் 1232இ என்றால் 14 என்பதற்கு பிரீசார்ஜ், அதாவது கண்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களை முன்கூட்டி நிரப்புவது, நடக்கவில்லை என்று பொருள், அதற்கும் பேட்டரிக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லாமலும் போகலாம். 12-ஐ எடுத்துக்கொண்டால் 1228-இல் அது வேகப்பிடி கோளாறு, 1232இ-யில் மிகை கரண்ட். ஜாப்பி நிறுவனக் கண்ட்ரோலர்களோ கையடக்கக் கருவியிலோ திரையிலோ "இன்கரெக்ட் ஸ்டார்ட்", "என்கோடர் எர்ரர்" என்று பெயராகவே காட்டும். வண்டி செய்த நிறுவனம் தன் திரையில் தன் சொந்த எண்ணைப் போட்டிருந்தால் அது இன்னொரு பட்டியல்.

கீழே நான் சொல்லும் இரட்டை இலக்க எண்கள் எல்லாம் கர்டிஸ் 1232இ, 1234 வகைக்கு உரியவை. உங்கள் வண்டி வேறு என்றால் எண்ணை விட்டுவிட்டுக் கோளாறின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். சோதிக்கும் முறை ஒன்றேதான்.

மூடியைக் கழற்றும் முன் என்ன செய்ய வேண்டும்?

24 வோல்ட்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஷாக் அடிக்காதுதான். ஆனால் அந்தப் பேட்டரி ஒரு ஸ்பேனரைச் சிவக்கக் காய்ச்சும். மோதிரம், கைச்சங்கிலி, காப்பு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். சரக்கை இறக்கி, சமதளத்தில் நிறுத்தி, சாவியை எடுத்து, பேட்டரிப் பிளக்கைப் பிடுங்கி விடுங்கள். பிடுங்கிய பிறகும் கண்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும். 24 வோல்ட் பல்பு ஒன்றைக் கண்ட்ரோலரின் பெரிய பிளஸ், மைனஸ் முனைகளுக்கு நடுவே சில நொடிகள் பிடித்து அதை இறக்கிவிட்டு மீட்டரில் சரிபாருங்கள்.

மோட்டாரை ஓடவிட்டுச் சோதிக்கும் வேலை என்றால் ஓட்டும் சக்கரம் தரையில் படாமல் உடம்பைத் தூக்கிக் கட்டையில் நிறுத்த வேண்டும். ஜாக்கில் மட்டும் நம்பி நிறுத்தக் கூடாது. பக்கத்தில் யாராவது சாவி போட்டுவிடாமல் இருக்க, பிடுங்கிய பிளக்கில் ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிடுங்கள், சாவியை உங்கள் சட்டைப்பையில் வையுங்கள். 1994-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், அதாவது சட்டம் 514, பாதுகாப்பான வேலை முறைக்கு முதலாளியைத்தான் பொறுப்பாக்குகிறது. ஆகவே அட்டையும் பூட்டும் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

என்ன கருவி வேண்டும்?

ஒரு நல்ல மல்டிமீட்டர், முதலை வாய்க் கிளிப் வைத்த இரண்டு ஒயர், கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, பழைய பல் துலக்கும் பிரஷ். தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரி என்றால் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஒரு ஹைட்ரோமீட்டர். இவ்வளவு போதும்.

காலையில் நன்றாக ஓடுகிறது, பத்து மணிக்கு மேல் 23 வருகிறது, வேகம் குறைகிறது. பேட்டரியா?

23 என்பது வோல்ட் இறங்கிவிட்டது, அதனால் கண்ட்ரோலர் சக்தியைக் குறைக்கிறது என்ற அறிவிப்பு. 17 வந்தால் அதைவிட மோசமாக இறங்கி, வண்டி நின்றேவிட்டது என்று பொருள். பெரும்பாலும் பேட்டரிதான். ஆனாலும் அளந்த பிறகே முடிவு செய்யுங்கள்.

முதலில் ஓய்வு நிலை. இரவு சார்ஜ் முடிந்து, பிளக்கை எடுத்து, சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு அளக்க வேண்டும். லெட் ஆசிட் வகையில் 25.4 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நிறைந்திருக்கிறது. 24.4 என்றால் பாதிதான் இருக்கிறது. மீட்டரில் 24 பார்த்துவிட்டு "இருபத்து நாலு வோல்ட் பேட்டரி, இருபத்து நாலு காட்டுது, சரிதான்" என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். 24.0 என்பது ஏறக்குறைய காலியான பேட்டரி.

அடுத்தது சுமை நிலை. உண்மை இங்கேதான் தெரியும். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையாகக் கட்டிய வண்டி என்றால், ஒருவர் கனமான பேலட்டைத் தூக்கட்டும், மற்றவர் ஒவ்வொரு பேட்டரியாக அளக்கட்டும். ஒன்று 12-இல் நிற்க, மற்றது 9-க்கு விழுந்தால் விழுந்ததுதான் நோயாளி. இரண்டும் சேர்ந்தாற்போல் இறங்கினால் சார்ஜ் ஏறவில்லை, அல்லது இரண்டுமே கிழடாகிவிட்டன. ஒன்றை மட்டும் புதிதாக மாற்றலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். புதியது நிறைந்துவிடும், பழையது நிறையாது, சார்ஜருக்கு இரண்டின் மொத்தம் மட்டுமே தெரியும். பழையது புதியதையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும்.

2 வோல்ட் செல் பன்னிரண்டு வைத்த பெரிய பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். நிறைந்த செல் 1.28 அளவில் நிற்கும். பதினொன்று ஒரு மாதிரியும் ஒன்று மட்டும் 0.05-க்கு மேல் தாழ்ந்தும் இருந்தால் அந்தச் செல்லில்தான் கோளாறு. வடிநீரைச் சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள். முன்னாலேயே விளிம்பு வரை ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது அமிலம் பொங்கி வழிந்து தட்டு, ஒயர், இரும்பு எல்லாவற்றையும் தின்னும். தகடு வெளியே தெரியும் அளவுக்குத் தண்ணீர் குறைந்திருந்தால் மட்டும், தகடு மூழ்கும் அளவுக்கு முன்னால் கொஞ்சம் ஊற்றலாம். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது.

இன்னொன்று. 20 சதவீதம் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திச் சார்ஜ் போடும் பழக்கம் வந்துவிட்டால் இந்தக் கேள்வி பாதியாகக் குறையும். லோரி கிளம்பும் வரை இழுத்துக்கொண்டே போவதுதான் பேட்டரியைக் கொல்கிறது.

பேட்டரி புதுசு. ஆனாலும் வோல்ட் குறைவு என்றே கோடு வருகிறதே?

அப்படியென்றால் பேட்டரியில் இருக்கும் வோல்ட் கண்ட்ரோலர் வரை போய்ச் சேரவில்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ் கட்டையிலும், மற்றதைக் கண்ட்ரோலரின் பிளஸ் முனையிலும் கிளிப்பால் மாட்டிவிட்டுச் சரக்கோடு ஓட்டிப் பாருங்கள். நல்ல இணைப்பில் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். அரை வோல்ட் காட்டினாலே சந்தேகப்படுங்கள். 100 ஆம்பியர் ஓடும் பாதையில் அரை வோல்ட் விழுந்தால் அந்த ஒரு புள்ளியில் 50 வாட் சூடு கிளம்புகிறது. அதனால்தான் பேட்டரிப் பிளக்கின் பிளாஸ்டிக் மஞ்சளித்து உருகுகிறது. மைனஸ் பக்கத்துக்கும் இதே மாதிரி ஒரு அளவு எடுங்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள் பேட்டரிக் கட்டை, பேட்டரிகளுக்கு நடுவில் உள்ள இணைப்பு, பெரிய பிளக்கின் செம்பு நாக்குகள், சிவப்பு எமர்ஜென்சி சுவிட்ச், மெயின் பியூஸ் திருகு. வண்டியை நிறுத்திய உடனே கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் எந்த இணைப்பு சுடுகிறது என்று தெரியும்.

உரக் கிடங்கு வண்டிக்கு மட்டும் ஏன் இவ்வளவு கோளாறு? அதே மாடல் ரப்பர் ஆலையில் ஒழுங்காக ஓடுகிறதே?

காரணம் உரத்தூள்தான். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் ஒரு குளோரைடு உப்பு. அமோனியம் சல்பேட்டும் உப்புதான், அதிலுள்ள அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். பகலில் தூளாகப் பிளக்குக்குள் போய் உட்கார்ந்துவிடும். நம் ஊர் ராத்திரி ஈரத்தில் அது தண்ணீரை இழுத்துக் கசிந்து உப்புநீராகும். காலையில் சாவி போட்டதும் இரண்டு முனைகளுக்கு நடுவே கரண்ட் கசிகிறது, வேகப்பிடியின் சின்ன வோல்ட் குழம்புகிறது, கோடு வருகிறது. வெயில் ஏறினதும் காய்ந்து தானாகவே சரியாகிவிடும். "காலையில் மட்டும் வருது, மத்தியானம் வர மாட்டேங்குது" என்ற புகார் வந்தால் முதலில் என் கை போவது பிளக்குகளுக்குத்தான்.

தண்ணீர் குழாயைப் பிடித்து வண்டியைக் கழுவாதீர்கள். உப்பை இன்னும் ஆழமாக உள்ளே தள்ளும். பேட்டரியைப் பிடுங்கி, காற்றால் மெல்ல ஊதி, பிளக்கைத் திறந்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு மின் இணைப்புக்கான கிரீஸை மெல்லியதாகப் பூசி மூடுங்கள். சக்கரத்துக்கு அடிக்கும் கிரீஸ் இதற்கு ஆகாது. பச்சை ஏறிப்போன முனையைச் சுரண்டித் திரும்பப் போடுவது சில வாரம்தான் தாங்கும். வெட்டிவிட்டுப் புது முனை கிரிம்ப் செய்யுங்கள். இரவில் வண்டியை உர மூட்டைக்குப் பக்கத்தில் விடாமல் ஆபிஸ் பக்கத்துத் தாழ்வாரத்தில் நிறுத்தினாலே பெரிய வித்தியாசம் தெரியும். இதைத் தோட்டத்துக் கிராணியிடம் சொல்லி ஒரு இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். செலவில்லாத வைத்தியம் இது.

47 வருகிறது. சாவியைத் திருப்பினாலே வருகிறது.

ஸ்டார்ட் செய்யும் வரிசை தப்பியிருக்கிறது. சாவி, பிறகு கைப்பிடியைச் சாய்ப்பது, பிறகுதான் வேகப்பிடி. வேகப்பிடியைத் திருகிக்கொண்டே கைப்பிடியைச் சாய்த்தால் வண்டி பாயக் கூடாது என்பதற்காகக் கண்ட்ரோலர் மறுக்கிறது. ஜாப்பியில் "இன்கரெக்ட் ஸ்டார்ட்" என்று வருவதும் இதுதான். கையை எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். ஒழுங்காகச் செய்தும் வந்தால் வேகப்பிடி நடுவுக்குத் திரும்பாமல் அழுக்கில் சிக்கி நிற்கிறது, அல்லது கைப்பிடி அடியிலுள்ள சின்ன சுவிட்ச் ஒட்டிக்கொண்டது.

41, 42: வேகப்பிடிக் கோளாறு. கைப்பிடித் தலையை முழுசாக மாற்றச் சொல்கிறார்கள். தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. வேகப்பிடியிலிருந்து வரும் வோல்ட் எல்லைக்கு மேலே போனால் 41, கீழே போனால் 42. அறுந்த ஒயரும் இதே கோட்டைத்தான் தரும்.

கைப்பிடி ஒரு நாளில் எத்தனை முறை மேலும் கீழும் சாய்கிறது என்று யோசியுங்கள். அத்தனை முறையும் அதன் அடியில் உள்ள மூட்டில் ஒயர்க் கட்டு மடங்கி நிமிர்கிறது. வெளி உறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். அந்த இடத்தை விரலால் மெல்ல நெருடிப் பாருங்கள். மற்ற இடத்தில் கம்பி விறைப்பாக இருக்க, அறுந்த இடம் மட்டும் ஈரத்துணி மாதிரித் துவளும். உறையைக் கீறினால் உள்ளே செம்பு கறுத்துப்போய், இழைகள் நுனி நுனியாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம்.

உறுதி செய்ய: மீட்டரைத் தொடர்ச்சி ஒலியில் வைத்து, ஒயரின் இரண்டு முனையிலும் பிடித்துக்கொண்டு, இன்னொருவரைக் கைப்பிடியை மெதுவாகச் சாய்க்கச் சொல்லுங்கள். ஒலி ஒரு கோணத்தில் விட்டுவிட்டு வந்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள். பேட்டரி பிடுங்கியிருக்க வேண்டும், இரு பக்கப் பிளக்கும் கழன்றிருக்க வேண்டும். மடங்கும் இடத்தில் ஒட்டுப் போட்டு டேப் சுற்றாதீர்கள், மறுபடி அதே இடத்தில் அறும். ஒயர்க் கட்டை மாற்றுங்கள், அல்லது ஒட்டு மடங்காத பகுதியில் வருமாறு நீளமாக ஒரு துண்டைப் போடுங்கள்.

ஒயர் நன்றாக இருந்தால் வேகப்பிடியின் வோல்ட்டை அளக்கலாம். இரண்டு பக்கமும் திரும்பும் வகையில், சும்மா இருக்கும்போது நடு அளவில், பல வண்டிகளில் 2.5 வோல்ட் பக்கத்தில், நிற்கும். மெதுவாகத் திருப்பினால் குதிக்காமல் ஒரே சீராக ஏற வேண்டும், இறங்க வேண்டும். நடுவில் பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால் பிடிதான் போய்விட்டது. புது வகை வண்டிகளில் கைப்பிடியிலேயே ஒரு சர்க்யூட் போர்டு உட்கார்ந்து டிஜிட்டலாகப் பேசும். அதில் இந்த அளவு எடுக்க முடியாது. ஒயரையும் பிளக்கையும் மட்டும் பார்த்துவிட்டுச் சர்வீஸ் ஆளிடம் விடுங்கள்.

32 வருகிறது. பிரேக் காயிலை எப்படிச் சோதிப்பது?

பேலட் வண்டியின் பிரேக் ஸ்பிரிங்கால் பிடித்து, கரண்ட்டால் விடுவது. கரண்ட் இல்லையென்றால் வண்டி நிற்கும், அதுதான் பாதுகாப்பு. 32 என்றால் அந்தக் காயில் சர்க்யூட் அறுந்திருக்கிறது, அல்லது ஷார்ட். பேட்டரியைப் பிடுங்கி, மோட்டார் தலையில் உள்ள பிரேக்கின் இரண்டு ஒயர்ப் பிளக்கைக் கழற்றி ஓம் அளக்கவும். எவ்வளவு வர வேண்டும் என்பதைக் காயிலின் பட்டையிலிருந்தே கணக்கிடலாம். 24 வோல்ட், 30 வாட் என்று போட்டிருந்தால் 24 தடவை 24, அதாவது 576, அதை 30-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 19 ஓம். எல்லையில்லை என்று காட்டினால் காயில் அறுந்தது. ஒன்றிரண்டு ஓம் என்றால் உள்ளே ஷார்ட். சரியாகவே இருந்தால் கோளாறு ஒயரில்.

காயில் நல்லது, கோடும் இல்லை, ஆனால் வண்டி பிரேக் பிடித்தபடி முக்கிக்கொண்டு போகிறது என்றால் பிரேக் தட்டு தேய்ந்து இடைவெளி அதிகமாகியிருக்கும், காந்தம் இழுக்கப் பலம் போதாது. 92 வந்தால் எதிர்க் கோளாறு, பிரேக் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்கவில்லை. அந்த வண்டியைச் சரிவில் ஓட்டவே கூடாது, உடனே ஒதுக்கி வையுங்கள்.

போர்மேன், "பிரேக்கைத் திருகிவிட்டு ஓட்டு, வயிற்றுச் சுவிட்ச்சை ஜம்பர் போடு" என்கிறார். இன்றைக்கு மட்டும் செய்யலாமா?

கூடாது. ஜம்பர் போடுவது என்றால் சுவிட்ச்சைத் தாண்டி ஒரு ஒயரால் நேராக இணைத்துவிடுவது. கைப்பிடியின் நுனியில் உள்ள அந்தப் பெரிய பொத்தான், ஓட்டுபவர் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் வயிற்றில் பட்டு வண்டியை எதிர்த்திசையில் விலக்குவதற்காக இருக்கிறது. லோரிக்குள்ளே பின்னால் நடந்துகொண்டு இழுப்பவருக்கு வேறு தப்பும் வழி கிடையாது. இன்றைக்கு மட்டும் என்று போட்ட ஜம்பரை நாளைக்கு யாரும் எடுப்பதில்லை. அடுத்த ஷிப்டில் வரும் ஆளுக்கு அது தெரியவும் தெரியாது. போர்மேனிடம் மரியாதையாகவே சொல்லுங்கள்: "ஐயா, இத வெட்டிட்டா வண்டி ஆளை அடிக்கும். கை பேலட் ஜேக்ல இறக்கித் தந்திடறோம்." நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

36 வந்து வண்டி விக்கி விக்கிப் போகிறது.

36 என்கோடர் கோளாறு. மோட்டார் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று சொல்லும் சென்சார் அது. ஒயரைப் பார்க்கும் முன் ஓட்டும் சக்கரத்துக்குக் கீழே குனிந்து பாருங்கள். பேலட் சுற்றும் பிளாஸ்டிக் படலமும் கட்டும் நாடாவும் சக்கர அச்சில் நூல்கண்டு போலச் சுற்றியிருந்தால், அது பக்கத்தில் போகும் சென்சார் ஒயரை இழுத்து அறுத்திருக்கும். படலத்தைக் கத்தியால் வெட்டும்போது ஒயரையும் சேர்த்து வெட்டிவிடாதீர்கள். சக்கரம் சுற்ற முடியாமல் இறுகினால் 73-உம் வரலாம்.

மத்தியானம் 22 அல்லது 28 வருகிறது. விசிறி வைக்கலாமா?

22 கண்ட்ரோலர் சூடு, 28 மோட்டார் சூடு. விசிறி வைப்பதற்கு முன் பாரத்தைக் கணக்குப் பாருங்கள். ரப்பர் ஆலையில் 33.3 கிலோ கட்டி 36 அடுக்கினால் 1.2 டன். 1.5 டன் வண்டிக்கு அது சரியான வேலை. அதே வண்டியில் 50 கிலோ உர மூட்டை 40 அடுக்கினால் 2 டன், அரை டன் அதிகம். அதோடு லோரி மேடைச் சரிவில் ஏற்றினால் எந்த மோட்டாரும் சுடும். பாரம் சரி என்றால் முன் உருளைகள் சுற்றுகின்றனவா, பிரேக் முழுசாக விடுகிறதா, கண்ட்ரோலர் உட்கார்ந்திருக்கும் தகட்டில் தூசு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜில்லென்றிருக்கும் காலையிலேயே சூட்டுக் கோடு வந்தால் அது சூடு இல்லை, சென்சார் ஒயர்.

14, 38, 39 பற்றி?

மூன்றும் மெயின் கான்டாக்டரை, அதாவது பேட்டரிக் கரண்ட்டைக் கண்ட்ரோலருக்கு விடும் பெரிய சுவிட்ச்சை, சுற்றியவை. 39 என்றால் அது மூடவில்லை, 38 என்றால் முனைகள் ஒட்டிப்போய்த் திறக்கவில்லை. சாவி போடும்போது "டக்" என்ற சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். சத்தம் கேட்டும் 39 வந்தால் முனைகள் கரிந்திருக்கின்றன. சுரண்டாதீர்கள், மாற்றுங்கள். 14 என்றால் கண்ட்ரோலரின் கெப்பாசிட்டர்கள் நிறையவில்லை. வெளியே ஏதாவது கரண்ட்டை உறிஞ்சுகிறது, அல்லது உள்ளே ஷார்ட். யாராவது கூடுதல் விளக்கோ யூ.எஸ்.பி. சார்ஜரோ கண்ட்ரோலர் முனையில் இணைத்திருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

வண்டி ஓடுகிறது, தூக்க மட்டும் மாட்டேன் என்கிறது. கோடும் இல்லை.

பேட்டரி அளவைப் பாருங்கள். பல வண்டிகள் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் தூக்குவதை மட்டும் நிறுத்தும், சார்ஜர் வரை ஓட்டிப்போக விடும். பேட்டரி நிறைந்திருந்தால் பம்ப் மோட்டாரின் ரிலே, அப்புறம் கார்பன் பிரஷ். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் தூக்கவில்லையென்றால் அது எண்ணெய்ப் பக்கத்துக் கோளாறு.

லித்தியம் பேட்டரி வண்டி திடீரென்று செத்துப்போனது. திரையே வரவில்லை.

பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட் தன்னைத்தானே துண்டித்துக்கொண்டது. அளவுக்கு மீறிக் காலியானால், சூடானால், ஷார்ட் ஆனால் அப்படிச் செய்யும். அதற்கு உரிய சார்ஜரில் மாட்டிப் பாருங்கள், பல சமயம் விழித்துக்கொள்ளும். லெட் ஆசிட் சார்ஜரை மாட்டாதீர்கள், பெட்டியைத் திறக்காதீர்கள். உப்பியிருந்தாலோ வாடை வந்தாலோ கட்டடத்துக்கு வெளியே தள்ளி வைத்துவிட்டு விற்ற நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

கண்ட்ரோலர் போய்விட்டது என்று எப்போது நம்பலாம்?

பேட்டரி, இணைப்பு, ஒயர், சுவிட்ச் எல்லாம் அளந்து சரி என்று எழுதி வைத்த பிறகு. ஒரு கடைசிச் சோதனை உண்டு. பேட்டரியைப் பிடுங்கி, கெப்பாசிட்டரை இறக்கி, மோட்டார் ஒயர் மூன்றையும் கழற்றி, மீட்டரை டையோடு நிலையில் வையுங்கள். மைனஸ் முனையிலிருந்து மோட்டார் முனைகள் மூன்றுக்கும், பிறகு பிளஸ்ஸிலிருந்து அதே மூன்றுக்கும் அளக்கவும். மூன்றும் ஒரே மாதிரி வர வேண்டும். ஒன்று மட்டும் பூஜ்யம் என்றால் உள்ளே கரண்ட்டைத் திறந்து மூடும் மாஸ்பெட் என்ற பாகம் போய்விட்டது. அப்போது புதியதை வாங்குங்கள், ஆனால் உங்கள் வண்டிக்கான செட்டிங் ஏற்றித்தான் வாங்க வேண்டும். அதே நம்பர் பெட்டியை வேறு வண்டியிலிருந்து கழற்றிப் போட்டால் வேகமும் பிரேக்கும் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

சர்வீஸ் ஆளைக் கூப்பிடும்போது என்ன சொல்ல வேண்டும்?

"வண்டி ஓடல அண்ணே" என்று மட்டும் சொன்னால் அவர் வெறும் கையோடுதான் வருவார். வண்டியின் மாடல், கண்ட்ரோலரின் நம்பர், கோடு, சாவி போட்டதும் வருகிறதா ஓடும்போது வருகிறதா, காலையிலா சூட்டிலா, சரக்கோடா வெறுமனேயா, பேட்டரியின் ஓய்வு வோல்ட்டும் சுமை வோல்ட்டும், கடைசியாக யார் எதைக் கழற்றினார்கள் என்பதைச் சொல்லுங்கள். பெயர்த்தகட்டையும் மின்னும் விளக்கையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கோடு வந்து தானாகப் போய்விடும் வண்டி என்றால், கைப்பிடியில் ஒரு சின்ன நோட்டைக் கட்டிவிட்டு ஒவ்வொரு முறையும் நேரத்தையும் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டு இருந்தால் எந்தப் பார்ட்ஸைக் கையோடு எடுத்து வர வேண்டும் என்பதை அவர் ஈப்போவிலேயே முடிவு செய்துவிடலாம்.